மேசையில் ஒரு புத்தகம், மடியில் ஒரு புத்தகம்

கப்பல் கரை சேர்ந்து நிற்கிறது. மேல்தளத்தில் ஒரு கறுப்பினக் குடும்பம். கோட்டும் காலருமாக அப்பா, பக்கத்தில் அம்மா, பிள்ளைகள். எதிரே நிற்கும் வெள்ளைக்காரர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். கல்யாணத்துக்கு முதல் நாள் வந்திறங்கும் சம்பந்தி வீட்டாரை வரவேற்கிற மாதிரி இருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1957 முதல் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் படித்த வரலாற்றுப் பாடநூலில் வந்த படம் இது. ஆப்பிரிக்க அடிமைகள் வர்ஜீனியாவுக்கு வந்து சேர்ந்த கதையைத்தான் அந்தப் படம் சொல்கிறதாம்.

அட்லாண்டிக்கைக் கடக்க ஆப்பிரிக்கக் கரைகளில் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். உயிரோடு இறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். மீதிப் பேர் கடலோடு போனார்கள். சங்கிலியில் பிணைத்து, கப்பலின் அடித்தளத்தில் நெருக்கிப் படுக்கவைத்துக் கொண்டுவரப்பட்டவர்களுக்குக் கோட்டு ஏது, கைகுலுக்கல் ஏது? வர்ஜீனியாவில் 1619-இல் பாயிண்ட் கம்ஃபர்ட் முனையில் வந்து சேர்ந்த முதல் ஆப்பிரிக்கர்கள் 20 பேருக்குச் சற்று மேல். போர்த்துக்கீசியக் கப்பலிலிருந்து கொள்ளையடித்துக் கொண்டுவரப்பட்ட அவர்கள், மாலுமிகளுக்குத் தேவைப்பட்ட உணவுப் பொருளுக்குப் பண்டமாற்றாகக் கைமாறினார்கள்.

அந்தப் பாடநூலை ஏதோ ஒரு பதிப்பகம் அவசரத்தில் தப்பும் தவறுமாக அச்சிட்டுவிடவில்லை. வர்ஜீனியா சட்டமன்றம் 1950-இல் இதற்கென்றே ஒரு குழுவை அமைத்தது. நான்காம் வகுப்புக்கு ஒன்று, ஏழாம் வகுப்புக்கு ஒன்று, பதினொன்றாம் வகுப்புக்கு ஒன்று என மூன்று நூல்கள் எழுதவைக்கப்பட்டன. எழுதியவர்களில் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்களும் இருந்தார்கள். ஏழாம் வகுப்பு நூலில் அடிமைகள் எப்படி வாழ்ந்தார்கள் என்று ஒரு தனி அத்தியாயமே உண்டு. பெரும்பாலும் சந்தோஷமாக வாழ்ந்தார்கள் என்பதே அதன் சாரம். 1970கள் வரை வர்ஜீனியாவின் வகுப்பறைகளில் இந்த நூல்கள் புழங்கின. இன்று 60, 70 வயதில் இருக்கும் வர்ஜீனியாக்காரர்கள் பலர் அடிமை முறையைப் பற்றிப் பள்ளியில் கற்றது இதைத்தான்.

அமெரிக்கப் பள்ளிகளில் அடிமை முறையும் கறுப்பினத்தாரின் குடிமை உரிமைப் போராட்டமும் எப்படிக் கற்பிக்கப்பட்டன என்ற கதை, உண்மை தெரியாதவர்களின் கதை அல்ல. தெரிந்தே மாற்றி எழுதியவர்களும், தெரிந்ததை மறைத்துவைத்துச் சொல்லிக்கொடுத்தவர்களும் நூறாண்டுக்கு மேல் மல்லுக்கட்டிய கதை. இதில் முதல் தரப்பைப் பற்றி இன்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். இரண்டாம் தரப்பைப் பற்றித்தான் போதுமான அளவு பேச்சில்லை.

அடிமை முறை நடப்பில் இருந்தபோது எழுத்தறிவே குற்றமாக இருந்தது. தெற்குக் கரோலினா 1740-லேயே அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைத் தடை செய்தது. வடக்குக் கரோலினா 1830-இல் போட்ட சட்டம் இன்னும் துல்லியமானது. அடிமைக்குப் படிக்கவோ எழுதவோ சொல்லிக்கொடுக்கும் வெள்ளையருக்கு 100 முதல் 200 டாலர் வரை அபராதம் அல்லது சிறை. சொல்லிக்கொடுப்பவர் அடிமையாக இருந்தால் முதுகில் 39 கசையடி. சட்டத்தில் ஒரே ஒரு விலக்கு: எண்களைக் கற்றுக்கொடுக்கலாம். பருத்தி மூட்டையையும் எடையையும் எண்ணத் தெரிந்த அடிமை எசமானுக்கு லாபம் அல்லவா! எழுத்துத் தெரிந்த அடிமை அப்படியல்ல. அவன் தனக்குத் தானே வெளியே போக அனுமதிச் சீட்டு எழுதிக்கொள்வான்.

பால்டிமோரில் அடிமையாக இருந்த சிறுவன் ஃபிரடெரிக் டக்ளஸுக்கு எசமானி சோஃபியா ஆல்ட் அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். கணவர் கண்டுபிடித்துத் தடுத்துவிட்டார். படித்த அடிமை அடங்கியிருக்க மாட்டான் என்பது அவர் வாதம். பக்கத்தில் நின்று அதைக் கேட்ட சிறுவனுக்கு எது தன்னை விடுவிக்கும் என்பது அந்த நொடியிலேயே புரிந்துபோனது. அதன் பிறகு சட்டைப் பையில் ரொட்டித் துண்டுகளை வைத்துக்கொண்டு தெருவில் ஏழை வெள்ளைக்காரச் சிறுவர்களிடம் கொடுப்பான். பதிலுக்கு அவர்கள் எழுத்துச் சொல்லித்தர வேண்டும். பிற்பாடு அமெரிக்காவின் தலைசிறந்த பேச்சாளர்களில் ஒருவரானவர் கற்ற விதம் இது.

உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-இல், அந்த பாயிண்ட் கம்ஃபர்ட் முனையில் இருந்த மன்றோ கோட்டையை வடக்குப் படை தன் வசம் வைத்திருந்தது. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து தப்பி வந்தவர்கள் அங்கே அடைக்கலம் புகுந்தார்கள். மேரி பீக் என்ற சுதந்திரக் கறுப்பினப் பெண் செப்டம்பர் 1861-இல், பக்கத்தில் ஒரு ஓக் மரத்தடியில் அவர்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கினார். பகலில் பிள்ளைகள், இரவில் பெரியவர்கள். ஏற்கெனவே காசநோய் இருந்தது. அடுத்த பிப்ரவரியில் இறந்துவிட்டார். அந்த மரம் இன்றும் ஹாம்ப்டன் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கிறது.

போர் முடிந்ததும் தென் மாநிலங்கள் எங்கும் பள்ளிகள் முளைத்தன. சில ஆண்டுகளுக்குள் கறுப்பின ஆசிரியர்களே தங்கள் வரலாற்றை எழுதவும் தொடங்கினார்கள். அடிமைக் குழந்தையாகப் பிறந்து வடக்குக் கரோலினாவின் ராலி நகரில் பள்ளித் தலைமையாசிரியரான எட்வர்ட் ஜான்சன், கறுப்பினத்தாரின் வரலாற்றைப் பள்ளிப் பாடநூலாகவே 1890-இல் வெளியிட்டார். தன் மாணவர்கள் படித்த மற்ற நூல்களில் அவர்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூட இல்லை என்ற கோபம்தான் அதை எழுதவைத்தது.

ஆனால் காற்று எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

போரில் தோற்ற தென் மாநிலக் கூட்டமைப்பின் வீரர்களுடைய மனைவிமாரும் மகள்களும் 1894-இல் நாஷ்வில் நகரில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். கூட்டமைப்பின் புதல்வியர் சங்கம் என்று அதைச் சொல்லலாம். ஊர்ச் சதுக்கங்களில் ஜெனரல்களுக்குச் சிலை வைத்தது இந்தச் சங்கம்தான் என்று இன்று பலரும் அறிவார்கள். சிலைகள் கண்ணில் பட்டன; 2015-க்குப் பிறகு பல ஊர்களில் அவற்றை இறக்கியும் விட்டார்கள். சங்கம் செய்த இன்னொரு வேலை கண்ணில் படாதது, அதனாலேயே நீண்ட காலம் நிலைத்தது. பள்ளி மாணவர் கையில் எந்த வரலாற்று நூல் இருக்க வேண்டும் என்பதை அது தீர்மானித்தது. பிள்ளைகள் கூடி உட்கார்ந்து, தெற்கு ஏன் போரிட்டது, அடிமைகள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்ற கேள்விகளுக்கு எழுதிக்கொடுத்த பதிலை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். அதற்கென வினா-விடைப் புத்தகம் 1904-லேயே வந்துவிட்டது.

இந்த வேலையின் தளபதி, ஜார்ஜியா மாநிலத்தின் ஆதென்ஸ் நகரில் ஒரு பெண்கள் பள்ளியை நடத்திய மில்ட்ரெட் லூயிஸ் ரூதர்ஃபோர்டு. போருக்கு முந்தைய சீமாட்டிகள் போல வளையம் வைத்த அகலப் பாவாடை உடுத்திக்கொண்டு மேடையேறுவார். 1919 வாக்கில் அவர் வெளியிட்ட சின்னக் கையேடு, பாடநூல்களை அளந்து பார்க்கும் அளவுகோல் என்ற பெயரில் வந்தது. எந்த நூலை ஒதுக்க வேண்டும் என்று அதில் பட்டியலே உண்டு. அடிமைகளை வைத்துக்கொள்வதற்காகத் தெற்கு போரிட்டது என்று சொல்லும் நூலை ஒதுக்கு. அடிமை எசமானைக் கொடுமைக்காரர் என்று சொல்லும் நூலை ஒதுக்கு. கூட்டமைப்பு வீரரைக் கலகக்காரர் என்று அழைக்கும் நூலை ஒதுக்கு. லிங்கனைப் புகழ்ந்து, கூட்டமைப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸை இகழும் நூலை ஒதுக்கு. நூலகங்களுக்கும் ஒரு கட்டளை இருந்தது: அளவுகோலுக்குள் அடங்காத நூல் ஏற்கெனவே அலமாரியில் இருந்தால், அதன் தலைப்புப் பக்கத்திலேயே இது தெற்குக்கு அநீதி செய்யும் நூல் என்று முத்திரை குத்திவிடுங்கள்.

தெற்கு எதற்காகப் போரிட்டது என்பதைத் தெரிந்துகொள்ள யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. மிசிசிப்பி 1861-இல் நாட்டிலிருந்து பிரிந்தபோது வெளியிட்ட அறிக்கை, தன் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்க இணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ் அதே ஆண்டு மார்ச்சில் சவானா நகரில் பேசியபோது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்ல என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்றார். தோற்ற பிறகு அதே மனிதர் இரண்டு தொகுதிகளில் எழுதிய நூலில், போர் நடந்தது மாநில உரிமைக்காக, அரசமைப்புச் சட்டத்துக்காக என்று வாதாடினார். ரூதர்ஃபோர்டுக்கு இரண்டாவது ஸ்டீஃபன்ஸ்தான் தேவைப்பட்டார்.

ஒரு சங்கத்தின் கையேடு இவ்வளவு தூரம் செல்லுபடியானதற்குக் காரணம் வியாபாரம். தென் மாநிலங்கள் பலவற்றில் எந்த நூலை வாங்குவது என்று ஒவ்வொரு பள்ளியும் முடிவெடுப்பதில்லை. மாநில அளவில் ஒரு குழு பட்டியல் போடும். பட்டியலில் இல்லாத நூலுக்கு அந்த மாநிலத்தில் சந்தை இல்லை. நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் இருந்த பதிப்பகங்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ஒரு பத்தியை மென்மையாக்கினால் பல லட்சம் பிரதிகள் போகும் என்றால் எந்த முதலாளி மறுப்பார்? அதே நூல்கள் வடக்குப் பள்ளிகளுக்கும் போயின. கறுப்பின அறிஞர் டூபாய்ஸ் 1935-இல் வெளியிட்ட தன் பெருநூலின் கடைசி அத்தியாயத்தை, நாடெங்கும் புழங்கிய பாடநூல்கள் போருக்குப் பிந்தைய காலத்தைப் பற்றி என்ன சொல்கின்றன என்று ஒன்றொன்றாக எடுத்துக் காட்டவே செலவிட்டார்.

இந்தப் புத்தகங்களுக்கு எதிரே நின்றவர் ஒரு முன்னாள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. கார்ட்டர் உட்சன் 1875-இல் வர்ஜீனியாவில், அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பிறந்தவர். இளமையில் மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கங்களில் வேலை பார்த்தார். அங்கே ஆலிவர் ஜோன்ஸ் என்று ஒரு தொழிலாளி. உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். சுரங்க வேலை முடிந்ததும் அவர் வீட்டில் ஆட்கள் கூடுவார்கள். வீட்டில் புத்தகங்களும் செய்தித்தாள்களும் கிடந்தன. படித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. உட்சன் படித்துக் காட்ட வேண்டும், கூலியாகப் பழமும் தின்பண்டமும். தாங்கள் போரிட்ட கதையை அந்த முதியவர்கள் பேசப்பேச, வரலாறு என்பது அச்சில் இருப்பது மட்டுமல்ல என்பதை அவர் அங்கேதான் கற்றார். 20 வயதில்தான் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். 1912-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம். டூபாய்ஸுக்குப் பிறகு அங்கே வரலாற்றில் அந்தப் பட்டம் பெற்ற இரண்டாவது கறுப்பினத்தவர்.

1915-இல் கறுப்பின வரலாற்றுக்கென ஒரு சங்கம், அடுத்த ஆண்டு ஆய்விதழ், பிறகு சொந்தப் பதிப்பகம். வாஷிங்டன் ஒன்பதாம் தெருவில் ஒரு குறுகிய மாடி வீடு வாங்கினார். கீழே அலுவலகம், மேலே அவர் குடியிருப்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1926 பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று வாரத்தை அறிவித்தார். லிங்கன் பிறந்த 12-ஆம் தேதியும், டக்ளஸின் பிறந்த நாளாகக் கொண்டாடப்படும் 14-ஆம் தேதியும் அடங்கும் வாரம். படங்கள், சிறு நாடகங்கள், பாடக் குறிப்புகள் எல்லாம் அந்த வீட்டிலிருந்து தபாலில் பள்ளிகளுக்குப் போயின. காசு கொடுத்து அவற்றை வாங்கியவர்களில் பெரும்பாலோர், வெள்ளை ஆசிரியர்களைவிட மிகக் குறைந்த சம்பளம் வாங்கிய தென் மாநிலக் கறுப்பின ஆசிரியைகள். உட்சனின் இயக்கத்தைத் தாங்கியது பெரிய நன்கொடையாளர்கள் அல்ல, இந்த டீச்சர்கள்தான் என்று சொன்னால் மிகையில்லை.

அவர்களில் ஒருவரைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். 1930களில் லூசியானாவின் மிண்டன் என்ற ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான ஒரு பள்ளி. வரலாற்று ஆசிரியை டெஸ்ஸி மெக்கீக்கு அப்போது இருபத்துச் சொச்சம் வயது. வெள்ளையர் நடத்தும் கல்வித் துறை அனுப்பிய பாடத்திட்டம் அவர் மேசை மேல் விரித்து வைத்திருக்கும். மேசைக்கு அடியில், மடியில், உட்சனின் நூல். மடியிலிருந்து வாசித்துப் பாடம் நடத்துவார். கதவு திறந்து யாராவது உள்ளே வந்தால் அவர் பார்வை சட்டென்று மேசைக்கு ஏறிவிடும். குரல் மாறாமல் அதிகாரப்பூர்வப் பாடத்தைத் தொடர்வார். வந்தவர் போனதும் மறுபடி மடிக்கு இறங்கும். வகுப்பில் இருந்த மாணவர் ஒருவர் பல ஆண்டுகள் கழித்து இதை நினைவுகூர்ந்தார். ஆய்வாளர் ஜார்விஸ் கிவன்ஸ் 2021-இல் வெளியிட்ட நூலில் இந்தக் காட்சியை மையத்தில் வைத்தார். டீச்சர் எதையோ ஒளித்துப் படிக்கிறார் என்பது அந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வெளியே சொல்லவில்லை. எந்தப் பாடத்திட்டமும் தராத பாடம் அதிலேயே இருந்தது.

இப்படிக் கற்றதால் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் மாண்ட்கமரி நகரில் இருக்கிறது. பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்தவர் யார் என்று கேட்டால் ரோசா பார்க்ஸ் என்பார்கள். களைத்துப்போன தையல்காரப் பெண்மணி, கால் வலியால் எழுந்திருக்கவில்லை என்று கதையையும் சேர்த்துச் சொல்வார்கள். களைப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பார்க்ஸ் 1943-இலிருந்தே கறுப்பின உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைச் செயலாளர். 1955 கோடையில்தான் டென்னசியில் ஹைலாண்டர் பள்ளியில் போராட்டப் பயிற்சி எடுத்து வந்திருந்தார். அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச் 2 அன்று, கிளாடெட் கோல்வின் என்ற 15 வயதுப் பள்ளி மாணவி எழ மறுத்துக் கைதானார். அதற்கு முந்தைய பிப்ரவரி முழுக்க அவர் பள்ளியில் கறுப்பின வரலாறு நடத்தியிருந்தார்கள். உட்சன் தொடங்கிய வாரம் அங்கே மாதமாக நீண்டிருந்தது. அடிமைகளை நள்ளிரவில் வழிநடத்திக் கூட்டிச்சென்ற ஹாரியட் டப்மன் ஒரு தோளையும், அடிமை ஒழிப்புப் போராளி சொஜர்னர் ட்ரூத் மறு தோளையும் அழுத்தி உட்கார வைத்தது போல் இருந்தது, அதனால்தான் எழுந்திருக்க முடியவில்லை என்று கோல்வின் பின்னாளில் சொன்னார். மாண்ட்கமரியின் பேருந்துப் பாகுபாட்டை 1956-இல் முடித்துவைத்த நீதிமன்ற வழக்கில் சாட்சி சொன்ன பெண்களில் அவரும் ஒருவர். பாடப் புத்தகத்துக்குப் பயந்தவர்கள் பயந்தது வீண் அல்ல.

1954-இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் நிறப்பாகுபாடு செல்லாது என்றது. வர்ஜீனியா அடம்பிடித்தது. பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம் 1959-இல் வெள்ளைப் பிள்ளைகளோடு கறுப்புப் பிள்ளைகள் சேர்ந்து படிப்பதைவிடப் பள்ளிகளே இல்லாமல் இருக்கட்டும் என்று அரசுப் பள்ளிகள் அத்தனையையும் இழுத்து மூடியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி வந்தது. சுமார் 1,700 கறுப்பினப் பிள்ளைகள் 1964 வரை, ஐந்து ஆண்டு, பள்ளி இல்லாமல் கிடந்தார்கள். கைகுலுக்கும் படம் போட்ட நூல் மாநிலத்தின் மற்ற ஊர்களில் அப்போதும் பாடமாக இருந்தது.

அந்தத் தீர்ப்பால் இன்னொரு பெரிய இழப்பும் நேர்ந்தது. பள்ளிகளை ஒன்றாக்கியபோது கறுப்பினப் பள்ளிகள்தான் மூடப்பட்டன. அவற்றின் ஆசிரியர்களை வெள்ளைப் பள்ளிகள் எடுத்துக்கொள்ளவில்லை. 1954-க்கும் 1965-க்கும் இடையில் 17 மாநிலங்களில் 38,000-க்கும் மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலையிழந்தார்கள் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. மடியில் புத்தகம் வைத்து நடத்தியவர்கள் போனார்கள். மேசை மேல் இருந்த புத்தகம் அப்படியே இருந்தது.

மிசிசிப்பியில் 1964 கோடையில் மாணவர் இயக்கத்தினர் சுதந்திரப் பள்ளிகளைத் திறந்தார்கள். தேவாலயங்களின் பின்னறை, மரத்தடி, தாழ்வாரம், கிடைத்த இடமெல்லாம் வகுப்பு. ஆயிரம் பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். 40-க்கும் மேற்பட்ட இடங்களில் 2,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பாடத்திட்டத்தில் கறுப்பின வரலாறு முக்கிய இடம் பிடித்தது. ஹட்டிஸ்பர்க் அருகே ஒரு பள்ளியில் பிள்ளைகள் தாங்களே ஒரு சுதந்திரப் பிரகடனம் எழுதினார்கள். நெஷோபா மாவட்டத்தில் சீயோன் மலை தேவாலயம் இப்படி ஒரு பள்ளிக்கு இடம் தர ஒப்புக்கொண்டது. ஜூன் 16 அன்று அதைக் கொளுத்தினார்கள். எரிந்த இடத்தைப் பார்த்துவரப் போன ஜேம்ஸ் செய்னி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்கள் 21-ஆம் தேதி கொல்லப்பட்டார்கள். இந்தக் கொலையைப் பற்றி உலகம் அறியும். அந்தப் பயணத்தின் தொடக்கத்தில் ஒரு வகுப்பறை இருந்தது என்பதைச் சொல்லத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆறு ஆண்டு கழித்து, அதே மாநிலத்தில் டூகலூ கல்லூரியில் ஜேம்ஸ் லோவன் என்ற இளம் சமூகவியல் ஆசிரியர் தன் புதிய மாணவர்களிடம் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய புனரமைப்புக் காலம் என்றால் என்ன? வகுப்பில் 17 பேர், எல்லோரும் கறுப்பினத்தவர். 16 பேர் சொன்ன பதில் ஒன்றுதான்: கறுப்பர்கள் ஆட்சியைப் பிடித்தார்கள், நடத்தத் தெரியாமல் குட்டிச்சுவராக்கினார்கள், வெள்ளையர் திரும்ப வந்து சரிசெய்ய வேண்டியதாயிற்று. உண்மையில் மிசிசிப்பியில் அந்தக் காலத்து ஆளுநர்கள் எல்லோருமே வெள்ளையர். அமெரிக்க செனட்டுக்குப் போன முதல் இரண்டு கறுப்பினத்தவர்கள், ஹைரம் ரெவல்ஸும் பிளான்ச் புரூஸும், மிசிசிப்பி அனுப்பியவர்கள். தங்கள் சொந்தப் பாட்டன்மாரைப் பற்றி எதிரி எழுதிய கதையை இந்தப் பிள்ளைகள் பள்ளியில் நெட்டுருப் போட்டு வந்திருந்தார்கள்.

லோவன், மில்சாப்ஸ் கல்லூரியின் வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் சாலிஸோடு சேர்ந்து, இரண்டு கல்லூரிகளின் மாணவர்களையும் கூட்டிக்கொண்டு ஒன்பதாம் வகுப்புக்கு மிசிசிப்பி வரலாறு எழுதினார். 1974-இல் நூல் வந்தது. விருதும் வாங்கியது. மாநிலத் தேர்வுக் குழுவில் ஏழு பேர். வெள்ளை உறுப்பினர் ஐந்து பேரும் வேண்டாம் என்றார்கள். கறுப்பின உறுப்பினர் இருவரும் வேண்டும் என்றார்கள். அத்தோடு நூல் பட்டியலில் இல்லை. நூலாசிரியர்கள் வழக்குப் போட்டார்கள்.

விசாரணையில் குழு உறுப்பினர் ஜான் டர்னிப்சீட் சாட்சிக் கூண்டில் ஏறினார். லோவன் பின்னாளில் எழுதியபடி, டர்னிப்சீட் நூலில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். கும்பல் ஒருவரைக் கொன்று எரித்த புகைப்படம். ஒன்பதாம் வகுப்பில் உயரமாக வளர்ந்த கறுப்பினப் பையன்கள் இருப்பார்கள், இதைக் காட்டினால் வெள்ளைக்கார டீச்சர்களால் வகுப்பைச் சமாளிக்க முடியாது என்றார். அப்போது வழக்கறிஞர்களை விலக்கிவிட்டு நீதிபதி ஓர்மா ஸ்மித் தானே கேள்வி கேட்கத் தொடங்கினார். அவர் எழுபதைத் தாண்டியவர், வெள்ளையர், மிசிசிப்பியிலேயே பிறந்து வளர்ந்தவர். இப்படி நடந்ததா இல்லையா என்று கேட்டார். நடந்தது, ஆனால் எப்போதோ நடந்தது, இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்றார் சாட்சி. இது வரலாற்றுப் புத்தகம் ஆயிற்றே என்றார் நீதிபதி. 1980 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, நிராகரிப்புக்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை, காரணம் இனம்தான் என்று சொன்னது. நூல் பட்டியலில் ஏறியது. ஆனால் வாங்கிய பள்ளிகள் கொஞ்சம்தான். நீதிமன்றம் பட்டியலில் சேர்க்கச் சொல்லலாம், வாங்கச் சொல்ல முடியாது.

அதன் பிறகு மாற்றம் வராமல் இல்லை. 1976-இல் உட்சனின் வாரம் நாடு தழுவிய மாதமானது. ஃபிலடெல்ஃபியா 2005-இல் உயர்நிலைப் பள்ளி முடிக்க ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு கட்டாயம் என்றது. குடிமை உரிமைப் போராட்டத்தை எந்த மாநிலம் எப்படிக் கற்பிக்கிறது என்று தெற்கத்திய வறுமைச் சட்ட மையம் 2011-இல் மதிப்பெண் போட்டபோது, 35 மாநிலங்கள் தோற்றன. தேறி முதல் வகுப்பு வாங்கிய மூன்றில் இரண்டு, அலபாமாவும் ஃபுளோரிடாவும். வடக்கு நல்லது, தெற்கு கெட்டது என்று பிரித்துப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது உறைக்க வேண்டும். தங்கள் ஊரில் நடக்காத கதை என்று பல வட மாநிலங்கள் பாடத்தில் அதைச் சேர்க்கவே இல்லை. அதே மையம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், உள்நாட்டுப் போருக்கு மையக் காரணம் அடிமை முறை என்று சொன்னவர்கள் உயர்நிலைப் பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களில் 8 சதவீதம்தான். ரூதர்ஃபோர்டு இறந்து 90 ஆண்டு ஆகியும் அவர் அளவுகோல் வேலை செய்துகொண்டிருந்தது.

2015-இல் டெக்சாஸ் மாணவன் ஒருவன் தன் புவியியல் பாடநூலின் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினான். ஆப்பிரிக்காவிலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களை அந்தப் பக்கம் தொழிலாளர்கள் என்று குறிப்பிட்டிருந்தது. அம்மா அதை இணையத்தில் போட்டார். பதிப்பகமான மெக்ராஹில் மன்னிப்புக் கேட்டு, பள்ளிகளுக்குத் திருத்த ஒட்டுத்தாள் தருவதாகச் சொன்னது. 1957-இன் கைகுலுக்கலுக்கும் 2015-இன் இந்த வார்த்தைக்கும் பெரிய தூரம் இல்லை. மாறியது ஒன்றுதான்: மாணவன் கையில் ஒரு போன் இருந்தது.

இப்போது சண்டை மறுபடி சட்டமன்றங்களுக்குத் திரும்பியிருக்கிறது. 1619-ஐ அமெரிக்க வரலாற்றின் தொடக்கப் புள்ளியாக வைத்து நியூயார்க் டைம்ஸ் இதழ் 2019 ஆகஸ்டில் ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. அதன் சில முடிவுகளை நல்ல வரலாற்றாசிரியர்களே மறுத்தார்கள். அது ஆரோக்கியமான வாதம்தான். ஆனால் அதைச் சாக்காக வைத்து வந்த சட்டங்கள் வாதம் செய்யவில்லை, தடை போட்டன. ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு கற்பிக்க வேண்டும் என்று 1994-லேயே சட்டம் போட்ட ஃபுளோரிடா, 2023 ஜூலையில் புதிய பாடத்திட்டம் வெளியிட்டது. அடிமைகள் சில திறன்களைக் கற்றார்கள், சில நேரம் அவை அவர்களுக்கே பயன்பட்டன என்று மாணவருக்குச் சொல்லித்தர வேண்டுமாம். கொல்லன், தச்சன் வேலை தெரிந்த அடிமையின் கூலி எசமான் பைக்குத்தான் போனது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அந்த வரி உண்மையாகிவிடும். அந்த ஆண்டே ஃபுளோரிடாவின் கறுப்பினத் தேவாலயங்கள் பல, பள்ளியில் விட்டுப்போவதைத் தாங்களே நடத்துவது என்று பாடக் குறிப்புகள் தயாரித்து வகுப்புகளைத் தொடங்கின.

ஆர்கன்சா மாநிலத்திலும் அதே ஆண்டு இன்னொரு மோதல். ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறும் பண்பாடும் பற்றி, கல்லூரித் தரத்தில் ஒரு புதிய பாடம் நாடெங்கும் முன்னோட்டமாக நடத்தப்பட்டது. 2023 ஆகஸ்டில், பள்ளி திறக்கச் சில நாளே இருந்தபோது, இந்தப் பாடம் உயர்நிலைப் பள்ளி முடிப்பதற்கான மதிப்பெண் கணக்கில் சேராது என்று மாநிலக் கல்வித் துறை அறிவித்தது. பாடத்தை நடத்த இருந்த பள்ளிகளில் ஒன்று லிட்டில் ராக் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி. 1957-இல் ஒன்பது கறுப்பின மாணவர்கள் அதன் வாசலில் நுழைய, குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. கல்வித் துறை என்ன சொன்னாலும், சென்ட்ரல் பள்ளி அந்த ஆண்டு அந்தப் பாடத்தை நடத்தியது.